மாமி பின்னாலை வாறாவாம்

எங்கள் வீட்டில் பிக்கப் வாங்கும் பேச்சு தொடங்கியபோது அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. மருமகன் சமைக்கிறவர். மகள் பரிமாறுகிறவள். நான் இத்தாலியில், போர்கோ வெக்கியோவில் எங்கள் குசினிக்குள் இருந்து வெங்காயம் உரித்துக் கொடுக்கிறவள். அப்படியிருந்தும் எந்த வாகனத்தை வாங்குவது என்ற கேள்வி கடைசியில் என் வாயிலிருந்து வந்த இரண்டு சொல்லில் வந்து மாட்டிக்கொண்டது. வாய் தவறி வந்த சொல் என்றும் சொல்ல முடியாது. நாங்கள் எல்லோரும் நாள்தோறும் சொல்லுகிற சொற்கள்தான்.

முதலில் ட்ரெயிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருமகன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறார். எங்கள் ஆட்களின் கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வந்தால் லீவு எடுத்துக்கொண்டு போய்ச் சமைத்துக் கொடுப்பார். கத்தானியாவிலிருந்தும் கூப்பிடுவார்கள், மெசினாவிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் கிடாரங்களையும் அடுப்புகளையும் யாருடைய வான் வண்டியிலாவது கெஞ்சி ஏற்ற வேண்டும். போன இடத்தில் தண்ணீருக்கு அலைய வேண்டும். அவருடைய கடைக்குப் பக்கத்தில், ஊர் ஊராகப் போய் இராட்டினம் போடுகிற ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக் கிழவர் இனி ஊர் சுற்றுவதில்லை என்று முடிவெடுத்து, தாங்கள் குடியிருந்த ட்ரெயிலரை விற்கப் பார்த்தார். உள்ளே தண்ணீர்த் தாங்கி, காஸ் குழாய், கழுவுகிற தொட்டி எல்லாம் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று மருமகன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஓடுற குசினி, ஓடுற குசினி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து திரிந்தார்.

ஆனால் அது சாதாரண ட்ரெயிலர் இல்லை. சாதாரண ட்ரெயிலர் வாகனத்தின் பின்பக்கத்துக் கொளுக்கியில் பூட்டுப்படும். இதன் முன்பக்கம் ஒரு மாடி மாதிரி உயர்ந்து நீண்டு, பிக்கப்பின் பின்பக்கத்துத் திறந்த பெட்டிக்கு மேலே ஏறி உட்கார வேண்டும். பெட்டிக்குள், பின் சில்லுகளுக்கு நேர் மேலே, வாய் பிளந்த ஒரு கனத்த இரும்புத் தட்டைப் பூட்டுவார்கள். ட்ரெயிலரிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி அதற்குள் போய்க் கடிபடும். இங்கே அந்தத் தட்டுக்கு றல்லா என்று பேர்.

மருமகன் வன்னியில் உழவு மெசின் ஓட்டியவர். இதெல்லாம் அவருக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். மகளுக்கு அவர் விளங்கப்படுத்தும்போது நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வண்டிலிலை முன்பாரம் பின்பாரம் எண்டு சொல்லுவினமெல்லே. முன்பாரம் கூடினால் மாட்டின்ரை கழுத்துப் போச்சு. பின்பாரம் கூடினால் வண்டில் மாட்டைத் தூக்கிப்போடும். இதுவும் அதுதான். இழுக்கிறது பெரிய வேலை இல்லை, எந்த எஞ்சினும் இழுக்கும். முதுகிலை தாங்கோணும். அதுக்குத்தான் பெரிய பிக்கப் வேணும்."

"அப்ப நீங்கள் பிக்கப் வாங்கப் போறியளோ, மாடு வாங்கப் போறியளோ?" என்றாள் மகள்.

"மாடெண்டால் திருப்பிக் கதைக்காது. அதைத்தான் யோசிக்கிறன்."

மகள் சிரித்தாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் இருக்கும் இடத்தில் நான் சத்தமாகச் சிரிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனோடு நேரே நின்று கதைப்பது குறைவு. கதைக்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு மரியாதை. எல்லா வீட்டிலும் இப்போது அப்படி இல்லை. என் வயதுப் பெண்கள் சிலர் மருமகனோடு சண்டைகூடப் பிடிக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. நான் எங்கள் சனத்துக்கு முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். அவரோ எனக்கு இன்னும் பெரிய மனிதராகவே தெரிந்தார். சொல்ல வேண்டியதை நான் மகளுக்குச் சொல்லுவேன். அவர் அதைக் கேட்டுவிட்டு மகளுக்குப் பதில் சொல்லுவார். யாருடைய காரிலாவது அவர் என்னைக் கூட்டிப் போனால் பின்சீட்டில்தான் இருப்பேன், முன்னால் இடம் காலியாகக் கிடந்தாலும்.

ட்ரெயிலருக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அவர் மகளிடம் கேட்டார்.

"இனி தூர இடத்துக்குப் போனால் அம்மாவும் எங்களோடை வருவா தானே? இத்தாலிக்காரரோடை கதைக்கவும் ஒரு ஆள் வேணும்."

மகள் என்னைப் பார்த்தாள். எனக்குப் போக விருப்பமில்லை. தூரப் பயணமும் சனக்கூட்டமும் எனக்கு ஒத்துவராது. ஆனால் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வீட்டை விட்டுப் போகும்போதுகூட போறன் என்று சொல்லாமல் போட்டு வாறன் என்று சொல்லுகிற சனம் நாங்கள். ஆகவே வழக்கமாகச் சொல்லுவதைச் சொன்னேன்.

"நீங்கள் போங்கோ. நான் பின்னாலை வாறன்."

கோயிலுக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன், கல்யாணவீட்டுக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான். பிறகு வருகிறேன் என்று அர்த்தம். பிறகு வராமல் விட்டுவிடுவேன் என்பதும் அதற்குள் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். மருமகன் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைக் குழைத்தார். நான் அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் நகரத்துக்கு வெளியே பழைய வாகனங்கள் விற்கிற ஒரு வளவுக்குப் போனோம். என்னைக் கூட்டிப் போனது மொழிக்காக. நான் லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு இத்தாலிய எசமானியின், வீட்டில் நீண்ட காலம் வேலை செய்தவள். படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. இத்தாலியன் எழுத்தும் பெரிதாக வாசிக்க வராது. ஆனால் காதால் கேட்டுக் கேட்டு வந்த பேச்சு மற்ற இரண்டு பேரையும்விட எனக்குக் கொஞ்சம் கூட.

விற்கிறவன் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த ஒரு தடித்த மனிதன். பெரிய பாரம் தாங்கக்கூடிய பிக்கப் அவனிடம் இரண்டு இருந்தன. இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. வெள்ளைக்கு இரண்டு கதவு, முன்னால் மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரே நீளச் சீட், பின்னால் நீளமான பெட்டி. நீலத்துக்கு நாலு கதவு, பின்சீட் உண்டு. ஆனால் அந்தச் சீட் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பெட்டி கட்டை.

அவன் எனக்குச் சொன்னான். நான் திரும்பி மகளுக்குச் சொன்னேன். மகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு எட்டில் மருமகன் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மகளிடம் கேள்வி கேட்டார். மகள் என்னிடம் கேட்டாள். நான் அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தி, "சிஞ்ஞோரா, அந்த ஆளுக்குக் காது கேட்காதா?" என்றான்.

மகளுக்கு அது விளங்கிவிட்டது. "இஞ்சாருங்கோ, உங்களுக்குக் காது கேக்காதோ எண்டு கேக்கிறான்."

"கேக்காது எண்டு சொல்லும். விலை சொல்லேக்கை மட்டும் கேக்காது எண்டு சொல்லும்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

எங்கள் ட்ரெயிலர் எப்படிப்பட்டது என்று நான் சொன்னதும் அவன் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தான். கைபேசியை நீலத்தின் மூக்கின்மேல் வைத்தான். கைபேசி பிக்கப், சிகரெட் பெட்டி ட்ரெயிலர். பெட்டியைக் கைபேசியின் பின்பாதியில் ஏற்றி வைத்து, தெருவில் வளைவதுபோல் திருப்பிக் காட்டினான். வளையும்போது பெட்டியின் மூலை முன்னால் வந்து கைபேசியின் நடுவில் முட்டியது. பிக்கப்பின் பெட்டி கட்டை என்றால் இப்படித்தான், ட்ரெயிலரின் மூலை வந்து பின்கண்ணாடியை உடைக்கும் என்றான். அதைத் தவிர்க்க, பின்னுக்குச் சறுக்கிப் போகிற விசேஷ றல்லா ஒன்று இருக்கிறதாம். அதை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும். அதுவே பெரும் பாரம். அந்தப் பாரமும் பிக்கப்பின் முதுகுக் கணக்கில்தான் விழும். உள்ளே இருக்கிற ஆட்களின் பாரமும் அதே கணக்குத்தான். வெள்ளைக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, சாதாரண றல்லாவைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று சொல்லி வெள்ளையின் முதுகில் தட்டினான்.

நான் ஒன்றும் விடாமல் மகளுக்குச் சொன்னேன். மருமகன் வெள்ளைக்குக் கீழே படுத்து வில்லுத் தகடுகளைப் பார்த்தார். எழுந்து பெட்டியைச் சாணால் அளந்தார். அதன் பக்கத்தைத் தடவினார். பிடித்துப்போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மகளிடம் வந்தார்.

"நீலத்தை எடுப்பம்."

"என்ன விசர்க்கதை? அவன் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்கினது. வெள்ளையிலை பின்சீட் இல்லை."

"பின்சீட் ஆருக்கு?"

"மாமிக்கு. மாமி பின்னாலை வாறன் எண்டவவெல்லே."

மருமகன் ஒரு கிழமையாக இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வராமல் விடுவதற்காகச் சொன்ன சொல்லை அவர் நான் இருக்கப்போகிற இடமாக எடுத்திருக்கிறார். அவரைப் பிழை சொல்லவும் முடியாது. நான் எப்போதும் பின்சீட்டில்தானே இருந்திருக்கிறேன். வெள்ளையில் என்றால் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி இருக்க வேண்டும். மாமியாரை அப்படி இருத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். விற்கிறவன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். நீலத்துக்கு முற்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியெல்லாம் நான் இரவல் காரின் பின்சீட்டில், அந்தச் சீட்டே சுடுவது போல, நுனியில் இருந்து வந்தேன்.

அன்று பின்னேரமே மருமகன் குசினி நிலத்தில் குந்திக்கொண்டார். சப்பாத்துப் பெட்டி ட்ரெயிலர். அரிசி மாத் தகரப் பேணி பிக்கப். பேணியின் பின்னால் பெட்டியை வைத்து வளைத்துப் பார்த்தார். முட்டியது. ஒரு விரல் பின்னுக்கு வைத்து வளைத்துப் பார்த்தார். முட்டியது. நான் அவரைக் கடந்துதான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். நான் வரும்போதெல்லாம் அவர் பெட்டியையும் பேணியையும் ஒதுக்கி எனக்கு வழி விட்டார். அந்த வழி விடுதல் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. முன்பாரம் கூடினால் கழுத்து முறியும் என்று சொன்ன மனிதன், எனக்காக அந்தப் பாரத்தை வேண்டுமென்றே தலையில் ஏற்றிக்கொள்ளப் பார்த்தார்.

அடுத்த நாள் மகள் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது அப்பிடியில்லை."

"தெரியும். உங்கடை பின்னாலை வாறன் எனக்குத் தெரியாதே? எத்தினை கல்யாணத்துக்கு நீங்கள் பின்னாலை வந்தனீங்கள்!"

"அப்ப அவரிட்டைச் சொல்லன்."

"என்னெண்டு சொல்லுறது? அம்மா உங்களோடை வரமாட்டாவாம், சும்மா வாய்க்குச் சொன்னவ எண்டோ? அவர் மூண்டு பேரும் போறதை நினைச்சுக்கொண்டு துள்ளிக்கொண்டு திரியிறார். அவருக்குத் தாயும் இல்லை. நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ."

"நான் எப்பிடி…"

"வாயாலை." அவள் மடித்த துவாயை என் கையில் வைத்தாள்.

நான் சொல்லவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போது சொல்லலாம் என்று நினைத்து வைத்துவிட்டு வந்தேன். அவர் நல்ல மனிதராக இல்லாவிட்டால் எனக்கு அது லேசாக இருந்திருக்கும்.

பத்திரத்தில் கையெழுத்து வைக்கிற நாள் மகள் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா லீவு கொடுக்கவில்லை. நானும் அவருமாகப் போக வேண்டி வந்தது. சிநேகிதனுடைய காரை அவர் ஓட்டினார், நான் பின்னால். அந்தப் பயணத்தில் எங்களுக்கு நடுவில் யாரும் இல்லை. ஆகவே ஒரு கதையும் இல்லை. போய் இறங்கியதும் விற்கிறவன் ஓடி வந்து எனக்குக் கதவைத் திறந்து, "சிஞ்ஞோரா இன்று சாரதியோடு வந்திருக்கிறா" என்றான்.

கந்தோருக்குள் நீலத்தின் பத்திரங்களை விரித்து வைத்திருந்தான். மருமகன் பேனாவை எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை நின்றது. சப்பாத்துப் பெட்டி பேணியில் முட்டுகிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. இப்போது சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் இல்லை. அவர் பக்கம் திரும்பினேன். மகள் நிற்கிற இடத்தில் காற்றுத்தான் நின்றது.

அப்போது நான் செய்ததை நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. நான் விற்கிறவன் பக்கம் திரும்பி, அவனுக்கு இத்தாலியனில் சொன்னேன். இது வேண்டாம், அந்த வெள்ளையைக் கொடு. நான் அவர்களோடு போவதில்லை, எனக்குப் பின்சீட் தேவையில்லை, இதை அவருக்குச் சொல் என்று.

"நானா சொல்ல வேண்டும்?" என்றான்.

"ஓம், நீதான்."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு மருமகனுக்கு முன்னால் வந்து நின்று, காது கேளாதவருக்குச் சொல்லுவதுபோல் உரத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு விரலாக மடக்கி, அவருக்கு விளங்கக்கூடிய சின்னச் சின்ன இத்தாலியன் சொற்களில் சொன்னான். உன் மாமியார். உன்னோடு. வரமாட்டா. விருப்பமில்லை.

விருப்பமில்லை என்று நான் சொல்லவில்லை. அது அவன் கடைசி விரலுக்காகச் சேர்த்தது. ஆனால் அது பொய்யும் இல்லை. அதனால்தான் என்னால் அதைத் திருத்த முடியவில்லை.

மருமகன் பேனாவை மேசையில் வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னை நேரே பார்த்துக் கேட்டார்.

"மாமி, என்னோடை வர விருப்பமில்லையோ? என்ரை ஓட்டம் பயமோ?"

நான் தலையை ஆட்டினேன். அதை எந்தப் பக்கமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவர் விற்கிறவனிடம் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டி, "பியாங்கோ" என்றார். வெள்ளை.

நான் நினைத்தது நடந்தது. சரியான வாகனம் வாங்கியாயிற்று. திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு சில கிழமைகள் றல்லா பூட்டுகிற வேலை நடந்தது. அவர் மெக்கானிக்கிடம் போவார், வருவார். வீட்டில் எதையும் அவர் மாற்றவில்லை. மீன் காய்ச்சினால் எனக்கு நடுத் துண்டு வரும். மருந்து முடிந்தால் கேட்காமலே வாங்கி வருவார். கோபப்பட்டிருந்தால் நானும் ஒரு மூலையில் இருந்து அழுதிருப்பேன், ஒரு கணக்கு முடிந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. ஓடுற குசினி என்று சொல்லித் திரிவதை மட்டும் விட்டுவிட்டார்.

மகள் என்னிடம் சொன்னாள்: "பின்கண்ணாடியைக் காப்பாத்திப்போட்டியள் அம்மா. மனுசன்ரை முகத்தைத்தான் உடைச்சுப்போட்டியள்."

"நான் அவரிட்டை அப்பிடிச் சொல்லேல்லை."

"ஓம், நீங்கள் சொல்லேல்லை. ஒரு தடியனை வைச்சுச் சொல்லுவிச்சனீங்கள். அது இன்னும் திறம்."

ட்ரெயிலரைக் கொண்டுவரப் போகிற நாள் வந்தது. காலையில் மருமகன் வாசலில் நின்று மகளிடம் சொன்னார்: "நாங்கள் போட்டு வாறம் எண்டு அம்மாவிட்டைச் சொல்லும்." அவ்வளவுதான். வருவாவோ என்று கேட்கவில்லை. கேட்டு என்னை இன்னொரு தரம் சங்கடப்படுத்தக் கூடாது என்று விட்டிருப்பார்.

நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டுக் கை கழுவினேன். சப்பாத்தைத் தேடினேன்.

"நானும் வாறன்," என்று மகளிடம் சொன்னேன்.

"பின்னாலையோ?"

"இல்லை. இப்ப."

வெள்ளையின் படி என் இடுப்புக்கு வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, மருமகன் சந்தைப் பக்கம் போய் ஒரு தக்காளிப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். வைத்துவிட்டு, நான் ஏறி முடியும்வரை மற்றப் பக்கம் திரும்பி நின்றார். நான் கதவோரம் இருந்தேன். நடுவில் மகள். அதுதான் ஒழுங்கு, யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வாகனத்தின் கியர் தடி நிலத்திலிருந்து நீண்டு, நடுவில் இருப்பவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாலாம் கியருக்குத் தடியை நடு ஆளின் பக்கமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மகளின் கால்கள் நீளம். ஒவ்வொரு முறையும் மருமகன் "கால்" என்பார்; அவள் காலை என் பக்கம் ஒடுக்குவாள்; ஒடுக்கப் பிந்தினால் தடி முழங்காலில் இடிக்கும்.

"கால்."

"எடுத்தாச்சு."

"கால்."

"ஐயோ! சொல்லிப்போட்டு இழுங்கோ. இழுத்துப்போட்டுச் சொல்லாதேங்கோ."

ஸ்ஃபெர்ராகவால்லோ வரைக்கும் அப்படித்தான்.

இராட்டினக்காரக் கிழவர் ட்ரெயிலரைத் துடைத்து வைத்திருந்தார். மருமகன் பிக்கப்பை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தார். கிழவர் கையால் காட்டினார். ஆணி றல்லாவின் வாய்க்குள் போனதும் இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம் ஒன்று கேட்டது. மருமகன் இறங்கிப் போய்ப் பெட்டிக்குள் குனிந்து, தட்டுகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். பூட்டு ஊசியைச் செருகினார். வயர்களைக் கொழுவினார். கிழவர் ட்ரெயிலரின் முன்கால்களை மெல்ல உயர்த்த, பாரம் முழுவதும் வெள்ளையின் முதுகுக்கு வந்தது. முதுகு கொஞ்சம் பதிந்து, அப்படியே நின்றது. மருமகன் சற்றுத் தள்ளிப்போய் நின்று இரண்டையும் ஒன்றாகப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அவருடைய முகத்தில் பழைய ஆள் தெரிந்தார்.

கிழவரின் வீடு இருந்த குறுகிய ஒழுங்கையால் வெளியே வர, தெருவுக்கு ஒடித்து வளைக்க வேண்டியிருந்தது. நானும் மகளும் கீழே நின்று பார்த்தோம். ட்ரெயிலரின் மூலை சுழன்று முன்னுக்கு வந்து வந்து, கண்ணாடிக்கு ஒரு முழத்துக்கு அப்பால் நின்றது. நீலம் என்றால் அது பின்சீட்டுக்குள்ளேயே வந்திருக்கும். நான் சொன்னது நல்லதற்குத்தான் என்று அப்போது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. உண்மையைச் சொல்ல எத்தனையோ வழி இருந்தும், ஒரு அந்நியனின் விரல்களால் சொல்லுவித்தேனே என்றுதான் இருந்தது.

ஏறுவதற்கு மருமகன் தக்காளிப் பெட்டியை வைத்தார். மகள் முதலில் ஏற வந்தாள். அவளுடைய முழங்கால் சிவந்து கன்றியிருந்தது. நான் அவளைத் தள்ளிவிட்டு முதலில் ஏறினேன். ஏறி, கதவோரத்தில் நிற்காமல், அரக்கி அரக்கி நடுவுக்குப் போனேன்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"ஏறு. என்ரை கால் கட்டை."

மருமகன் மற்றக் கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு ஏறி, தன்னுடைய கதவோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். எங்கள் நடுவில் ஒரு ஆள் இருக்கலாம் போலிருந்தது. மெதுவாக எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலேயே நின்றுவிட்டார். நாலுக்குத் தடியை இழுத்தால் அது என் முழங்காலுக்கு வரும். "கால்" என்று மகளுக்குச் சொன்னதுபோல் மாமிக்குச் சொல்ல அவரால் முடியவில்லை. எஞ்சின் அழுதுகொண்டு போனது. எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை. ஹோர்ன் அடித்தார்கள். ஒரு ஸ்கூட்டர்க்காரன் முந்திப் போகும்போது ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். மருமகனின் நெற்றி வியர்த்தது. மகள் மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். வேண்டுமென்றுதான் பார்த்தாள்.

"தம்பி," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நாலைப் போடுங்கோ."

"உங்கடை கால் மாமி…"

"அது கிடக்கட்டும். எஞ்சின் பாவம். போடுங்கோ."

அவர் இழுத்தார். தடி வந்து என் முழங்காலில் பட்டது. நான் காலை எடுக்கவில்லை. எஞ்சின் அழுகையை நிறுத்தியது.

"அண்டைக்கு அவன் சொன்னது…" என்று தொடங்கினேன்.

"விடுங்கோ மாமி. முடிஞ்ச கதை."

"முடியேல்லை. எனக்குச் சனத்துக்கை வரத்தான் விருப்பமில்லை. உங்களோடை இல்லை. உங்கடை ஓட்டத்துக்கு எனக்குப் பயமும் இல்லை."

அவர் தெருவைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"அப்ப ஏன் மாமி காலமை வரேக்கை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தனீங்கள்?"

மகள் வெடித்துச் சிரித்தாள். நான் மூடிக்கொண்டுதான் வந்தேன். அது அவளுடைய முழங்காலைப் பார்க்க முடியாமல். அதை அவருக்குச் சொன்னால் தடியை இழுத்தது தன் பிழை என்று எடுத்துக்கொள்ளுவார் என்று பயந்து, ஒன்றும் சொல்லாமல், வீடு வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தேன்.